மச்சான் வாக்கு

ஏனாம்
8-1-2006

அன்புள்ள மாப்பிள்ளை கண்ணையனுக்கு, ஆனந்தராஜ் எழுதுவது. இங்கே நான் சுகம். தெலுங்கு மட்டும் இன்னும் எனக்குச் சுகப்படவில்லை. அங்கே நீங்களும் என் தங்கை தமிழரசியும் எப்படி இருக்கிறீர்கள்? மழைக்காலத்தில் பிடித்த இருமல் அவளை விட்டதா?

மாற்றலாகி வந்து ஏழு மாதம் ஆகிறது. காரைக்காலும் ஏனாமும் ஒரே அரசாங்கத்துக்குக் கீழே இருக்கின்றன என்று இந்த ஊர் டீக்கடையில் சொன்னேன். கடைக்காரர் என் தமிழ் முகத்தைப் பார்த்துவிட்டுச் சர்க்கரை போட மறந்துவிட்டார். வகுப்பில் இங்கிலீஷ் நடத்தினால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டால் பேசுவதற்கு ஆளில்லை. கோதாவரிக் கரையில் உட்கார்ந்துவிட்டு அறைக்கு வந்து பேனாவை எடுக்கிறேன். கடிதம் நீளுவதற்கு அதுதான் காரணம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டு அல்லியின் போனில் தமிழரசி பேசினாள். பாதி நேரம் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போனது. மீதியில் அவள் சொன்னது, நீங்கள் காசியம்மாவுக்காக அலைகிறீர்கள் என்று. சுனாமி அலையில் புருஷனைப் பறிகொடுத்தவள், பாவம்தான். கட்டுகிற புது வீடுகளின் பட்டியலில் பஞ்சாயத்தார் அவள் பெயரை விட்டது நியாயமா என்று கேட்டால் எனக்கும் பதில் தெரியாது. ஆனால் மாப்பிள்ளை, நியாயம் ஒன்று, நாம் குடியிருக்கும் இடம் ஒன்று. ஊர் ஓடினால் ஒத்து ஓட வேண்டும், ஒருவன் ஓடினால் கேட்டு ஓட வேண்டும். இரண்டாவது, பிறருக்கு உதவுகிறவன் முதலில் தன் வீட்டுக் கூரையைப் பார்க்க வேண்டும். மூன்றாவது, கோபம் வரும்போது ஒரு செம்பு தண்ணீர் குடியுங்கள். நான் வகுப்பில் அப்படித்தான் செய்கிறேன். நாலாவதாக ஒன்று இருந்தது, எழுதிக்கொண்டே வந்ததில் மறந்துவிட்டது. அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

தமிழரசிக்குச் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுங்கள்.

தங்கள் அன்புள்ள,
ஆனந்தராஜ்

*

காரைக்கால்
22-1-2006

அன்பு மச்சானுக்கு கண்ணையன் எழுதிக்கொள்வது. நாங்கள் சுகம். இருமல் போய்விட்டது. உங்களுக்குத் தெலுங்கு சீக்கிரம் சுகப்பட வேண்டும் என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டோம்.

கடிதத்தைத் தமிழரசிக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாவது அறிவுரையில் எழுந்து உலையைப் பார்க்கப் போனாள். வடித்து நிமிர்த்திவிட்டு வந்து, "எங்கண்ணன் பிரசங்கத்த முடிச்சிட்டாங்களா, இல்ல குழம்பையும் கூட்டி வச்சிட்டு வரவா?" என்றாள். செம்புத் தண்ணீர் விஷயம் மட்டும் அவளுக்குப் பிடித்திருந்தது. அன்று முதல் நான் வாயைத் திறந்தாலே செம்பை நீட்டுகிறாள்.

காசியம்மா விஷயத்தைச் சொல்கிறேன். ஆம்பிளை இல்லாத வீடு ஊருக்கு வரி கட்டுவதில்லை, அதனால் அது தலைக்கட்டு இல்லை, தலைக்கட்டு இல்லாவிட்டால் வீடு இல்லை என்கிறார்கள். அவள் புருஷன் முப்பது வருஷம் வரி கட்டினான் மச்சான். அலை அவனைக் கொண்டு போன பிறகுதான் கட்டவில்லை. தலைவர் வைத்தியலிங்கத்திடம் மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் டீ கொடுத்து அனுப்பினார்.

போன வாரம் நானே ஒரு மனு எழுதி, காசியம்மாவின் கைநாட்டை வாங்கி, காரைக்காலில் ஒரு அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிகாரியிடம், "புருஷன் செத்தா வீடும் சேந்து சாவணுமாங்க?" என்று கேட்டேன். அவர் மனுவை வாங்கி வைத்துக்கொண்டு, "நோ செர்மன் ப்ளீஸ்" என்றார். வெளியே வந்ததிலிருந்து அந்தச் சொல் காதில் முள்ளாக இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் நாம் ஒரே பெஞ்சு என்றாலும், இங்கிலீஷ் பாடத்தில் நீங்கள் எழுதியதைப் பார்த்து எழுதியவன் நான். செர்மன் என்றால் என்ன? அவர் என்னைத் திட்டினாரா?

குளிருக்குக் கம்பளி இருக்கிறதா, இல்லாவிட்டால் தமிழரசி அனுப்பச் சொல்கிறாள்.

இப்படிக்கு,
கண்ணையன்

*

ஏனாம்
2-2-2006

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, நலமே. கம்பளி வேண்டாம், இங்கே குளிர் பெயருக்குத்தான். உங்கள் இருவர் சுகத்துக்கும் பதில் எழுதுங்கள்.

உங்கள் கேள்வி எனக்கு எவ்வளவு சந்தோஷம் கொடுத்தது தெரியுமா? ஏழு மாதத்தில் ஒரு பிள்ளை இப்படிக் கேட்டதில்லை. பள்ளி நூலகத்தின் பெரிய அகராதியை, தூசி தட்டி, அறைக்கே எடுத்து வந்துவிட்டேன்.

செர்மன் என்றால் மாதா கோயிலில் பாதிரியார் செய்கிற பிரசங்கம். அது இன்றைய அர்த்தம். பிறந்தது லத்தீன் மொழியில். அங்கே அதற்குப் பிரசங்கம் என்ற பொருளே கிடையாது. பேச்சு என்று பொருள். அதுவும் மேடைப் பேச்சு இல்லை. இரண்டு பேர் உட்கார்ந்து, இவர் ஒன்று சொல்ல அவர் ஒன்று சொல்லப் பேசிக்கொண்டிருப்பது. அதற்கும் பின்னால் போனால் கோப்பது, இணைப்பது என்று பொருள்படும் ஒரு வேர்ச்சொல்லைச் சொல்கிறார்கள். வலைக்கண்ணோடு வலைக்கண்ணைக் கோக்கிறீர்களே, அந்த மாதிரி பேச்சோடு பேச்சு. பிறகு கோயில் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. ஒருவர் நின்று பேசினார், மற்றவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். இரண்டு பேருடைய சொல் ஒருவருடையதாகிவிட்டது. பிரெஞ்சுக்காரர்களிடமும் அதே சொல்தான். உட்கார்ந்து கேட்டவர்களுக்குக் கொட்டாவி வந்த பிறகு, யார் நீளமாகப் புத்தி சொன்னாலும் கேலியாக அதையே சொல்ல ஆரம்பித்தார்கள். ஆகவே அதிகாரி உங்களைத் திட்டவில்லை. உபதேசம் செய்யாதே என்றார், அவ்வளவுதான். தமிழரசி என்னைச் சொன்னதும் அதே சொல்தான் என்று அவளிடம் சொல்லுங்கள்.

மறந்துபோன நாலாவது அறிவுரை நினைவுக்கு வந்துவிட்டது. மனு கினு எல்லாம் வேண்டாம். ஊரைக் கலக்காமல் வெளியே புகார் கொண்டு போனால் பஞ்சாயத்தார் என்ன சொல்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள்,
ஆனந்தராஜ்

*

காரைக்கால்
19-2-2006

மச்சானுக்கு வணக்கம். சுகம்தான். தமிழரசி சரியாகத் தூங்குவதில்லை. மற்றபடி ஒன்றுமில்லை.

உங்கள் பாடத்தை இரண்டு தடவை படித்தேன். எனக்கு ஒரு சந்தேகம். அந்த இரண்டாவது ஆள் எப்போது வாயை மூடினான்? அவனாக மூடினானா, மூட வைத்தார்களா? அகராதியில் இருந்தால் எழுதுங்கள்.

அந்த அலுவலகத்திலிருந்து மனுவை விளக்கம் கேட்டு நம் பஞ்சாயத்துக்கே அனுப்பிவிட்டார்கள். போன ஞாயிறு தலைவர் என்னைக் கூப்பிட்டு, என் கையெழுத்தை என்னிடமே காட்டினார். "இது யாரு கை, கண்ணையா?" என்றார். என் கைதான் என்றேன். "நல்லா எழுதியிருக்கே" என்றார். டீ கொடுக்கவில்லை.

மார்ச் 12 ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம். எனக்காக. வழக்கம் உங்களுக்குத் தெரியும். குற்றம் சொல்லப்பட்டவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கோயில் வேம்பின் கீழே நிற்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. அவனுக்காகப் பேச வேண்டியவன் அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். குற்றவாளி பேசினால் கோபம் பேசும், மச்சான் பேசினால் தங்கச்சியின் வாழ்க்கை பேசும் என்று யாரோ நல்ல மனுசன் வைத்த வழக்கம். எங்கள் பெரியப்பா ஒரு தடவை அப்படி நின்றபோது உங்கள் அப்பாதான் மச்சான் முறையில் வந்து பேசினார். வெற்றிலைக்கட்டு ஒன்று ஊருக்குக் கொடுக்கச் சொல்லி அதோடு முடிந்தது. அவர் பேசினதை இன்றைக்கும் சொல்கிறார்கள்.

மச்சான், எனக்கு நீங்கள் வர வேண்டும். நீங்கள் ஊருக்கு வரி கட்டுகிற தலைக்கட்டு, படித்தவர், உங்களை உட்காரச் சொல்லிக் கேட்பார்கள். ரொம்பப் பேச வேண்டாம். காசியம்மாவின் புருஷன் முப்பது வருஷம் வரி கட்டினான் என்ற ஒன்றை மட்டும் சொல்லுங்கள், போதும். நான் பக்கத்தில் நிற்கிறேன். நீங்கள் வராவிட்டால் எனக்கு வாய் இல்லை. இதுவரை உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை.

பதிலை உடனே எதிர்பார்க்கிறேன். உடம்பு நலத்துக்கும் இரண்டு வரி எழுதுங்கள்.

கண்ணையன்

*

ஏனாம்
1-3-2006

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, ஆண்டவன் புண்ணியத்தில் சுகம். உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கும் சரியான தூக்கமில்லை.

வர வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. ஆனால் தேர்வு நேரம். தலைமையாசிரியர் லீவு என்ற சொல்லைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இங்கிருந்து காக்கிநாடா, அங்கிருந்து ரயில், சென்னை, பிறகு பஸ் என்று போக வர நாலு நாள் வேண்டும். நீங்கள் புரிந்துகொள்வீர்கள்.

அதற்காக உங்களைக் கைவிடுவேனா? மச்சான் வாக்குத்தானே வேண்டும்? ஊருக்கு ஒரு கடிதம் எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன். ஆறு பக்கம். மூன்று ராத்திரி உட்கார்ந்து அடித்துத் திருத்தி எழுதினேன். கூட்டத்தில் தலைவர் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். யாரையும் புண்படுத்தாமல் நடுநிலையாக எழுதியிருக்கிறேன். ஒரு பத்தியை மட்டும் உங்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்:

"என் மைத்துனர் கண்ணையன் ஊரைக் கலக்காமல் வெளியே மனு கொடுத்தது தவறே. தவறு செய்தவன் தலை வணங்குவதில் இழிவில்லை. பெற்ற தாய் பிள்ளையை மன்னிப்பதுபோல ஊரும் அவரை மன்னிக்க வேண்டும். காசியம்மாள் போன்றவர்களுக்கு எது நல்லது என்பதை ஊரே யோசித்துச் செய்யும். அதை ஊரிடமே விட்டுவிடுவோம்."

முதலில் தணிந்து போனால் பிறகு கேட்டதை வாங்கலாம். பேச்சின் பெருமையைச் சொல்ல செர்மன் என்ற சொல்லின் வரலாற்றையும் நடுவில் சேர்த்திருக்கிறேன். பெரியவர்களுக்குப் பிடிக்கும்.

தைரியமாக இருங்கள். தமிழரசியை வேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்கள்.

உங்கள் மச்சான்,
ஆனந்தராஜ்

*

காரைக்கால்
28-3-2006

மச்சானுக்கு. சுகம்.

கடிதம் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. அந்தப் பத்தியைப் படித்ததும் தமிழரசி கொடுக்க வேண்டாம் என்றாள். "இத குடுக்கறதுக்கு நீங்க ஊமையா நிக்கலாம்" என்றாள். நான்தான் கேட்கவில்லை. வரவே முடியாத மச்சான் மூன்று ராத்திரி உட்கார்ந்து எழுதியிருக்கிறார், அதைக் கொடுக்காமல் இருந்தால் எனக்கு ஆளே இல்லை என்று ஆகிவிடும் என்றேன்.

தலைவரே வாசித்தார். அரை மணி நேரம் ஆயிற்று. லத்தீன் வந்த இடத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் வாத்தியார் எழுதியது என்று தலையாட்டினார்கள். "தவறே" என்ற இடத்தில் அவர் நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த வரியை மறுபடி வாசித்தார். பிறகு கடிதத்தை மடித்தார். "மச்சான் வாக்கு அவன் வாக்கு. ஒத்துக்கிட்டாச்சு. இனி யாரும் பேசறதுக்கு ஒண்ணுமில்ல" என்றார். காசியம்மா கூட்டத்துக்கு வெளியே தூரத்தில் நின்றிருந்தாள். அவள் பக்கம் பார்க்க என்னால் முடியவில்லை.

மனுவை வாபஸ் வாங்குகிறாயா என்று கேட்டார்கள். எனக்கு வாய் கிடையாது, தலை உண்டு. இல்லை என்று ஆட்டினேன்.

ஒரு வருஷம் கட்டுப்பாடு. ஊரில் யாரும் எங்களோடு பேசக் கூடாது, தண்ணீர் நெருப்பு கொடுக்கக் கூடாது, என் படகில் யாரும் ஏறக் கூடாது. மீறிப் பேசுகிறவர்களுக்கு அபராதம். காசியம்மாவுக்கும் அதே. அல்லி வீட்டுப் போனுக்கு இனிமேல் கூப்பிட வேண்டாம், அவள் மாட்டிக்கொள்வாள்.

உங்கள் மேல் வருத்தமில்லை. தமிழ் நன்றாக இருந்தது.

கண்ணையன்

*

ஏனாம்
6-4-2006

மாப்பிள்ளைக்கு, நலம். நலமாக இருங்கள்.

நான் நல்லதுக்குத்தான் எழுதினேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் அப்படிச் செய்வார்கள் என்று நான் கனவிலா கண்டேன்? அந்த இடத்தில் நீங்கள் தலையை ஆட்டாமல் இருந்திருந்தால் வெற்றிலைக்கட்டோடு முடிந்திருக்கும். மனுவை வாபஸ் வாங்குங்கள். இது மட்டும்தான் சொல்வேன். வாயைத் திறந்தாலே பிரசங்கம் என்று பேர் வாங்கியவன் நான். இனிமேல் திறக்கப் போவதில்லை.

ஆனந்தராஜ்

*

காரைக்கால்
11-6-2006

அன்பு மச்சானுக்கு, நாங்கள் இருவரும் உயிரோடு சுகமாக இருக்கிறோம். உங்கள் சுகம் தெரியவில்லை. இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை.

கோபம் என்றால் கோபத்தையாவது எழுதுங்கள். நான் இதைத் தமாஷுக்குச் சொல்லவில்லை. தபால்காரர் சிவராமன் வரிச்சிக்குடிக்காரர், நம் ஊர்க் கட்டுப்பாடு அவருக்குக் கிடையாது. "கண்ணையன், போஸ்ட்" என்று அவர் கூப்பிட்டால்தான் எங்கள் வீட்டு வாசலில் ஒரு மனுசக் குரல் கேட்கும். கடிதம் இல்லாவிட்டால் அவர் நிற்பதில்லை. தமிழரசி பதினோரு மணிக்கு வாசலில் போய் நிற்கிறாள். சைக்கிள் தாண்டிப் போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வருகிறாள்.

உப்பு, புளி வாங்கக் கோட்டுச்சேரியில் மீரா சாகிப் கடைக்கு நடந்து போகிறோம். அல்லி எங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஆனால் செவ்வாய்க்கிழமைகளில் வேலியோரம் ஒரு கிண்ணம் குழம்பு இருக்கிறது. யார் வைத்தது என்று நாங்கள் கேட்பதில்லை.

நாலு பேர் போகிற பைபர் படகில் நான் தனியாகப் போகிறேன். எஞ்சினைப் பிடித்தால் வலையை யார் விடுவது? எஞ்சினை நிறுத்திவிட்டு வலையை விடுகிறேன், வலையை இழுத்துவிட்டு எஞ்சினை எடுக்கிறேன். பாதி மீன் வந்தாலும் போதும், இரண்டு பேருக்கு என்ன செலவு?

போன வாரம் எஞ்சின் நின்றுவிட்டது. கச்சான் காற்று கரையிலிருந்து அடிக்கிற காலம். நங்கூரக் கயிறு எட்டாத ஆழம். படகு கிழக்கே போய்க்கொண்டே இருந்தது. சட்டையைக் கழற்றித் துடுப்பில் கட்டித் தூக்கிப் பிடித்தேன். நம் ஊர்ப் படகு இரண்டு தெரிந்தது. ஒன்று திரும்பிப் பார்க்காமல் போனது. இன்னொன்று வேகத்தைக் குறைத்தது, யார் யார் என்று முகம் தெரிகிற தூரம். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். பிறகு போய்விட்டார்கள். எஞ்சின் எப்படியோ பிடித்துக்கொண்டது, வந்து சேர்ந்தேன். கட்டுப்பாடெல்லாம் கரையோடு சரி, கடலில் கிடையாது என்று நான் நம்பியிருந்தேன் மச்சான். தமிழரசியிடம் சொல்லவில்லை. நீங்களும் எழுதிவிட வேண்டாம், அவள்தான் முதலில் பிரிக்கிறாள்.

காசியம்மா தினமும் சாயங்காலம் வந்து எங்களோடு உட்காருகிறாள். தள்ளி வைத்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தடையில்லை. அவளுக்கு உங்கள் செர்மன் கதையைச் சொன்னேன். "மொதல்ல ரெண்டு பேரு பேசறதுக்குத்தான் அந்தப் பேரா? அப்ப நல்ல வார்த்ததான்" என்றாள்.

பிரசங்கமாக இருந்தாலும் எழுதுங்கள். ஆறு பக்கம் இருந்தால் நல்லது.

கண்ணையன்

*

ஏனாம்
2-7-2006

அன்புள்ள கண்ணையனுக்கு,

நான் சுகமாக இல்லை. உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து கிழித்துப் போட்டேன். இன்று எழுதியே தீர வேண்டும்.

மார்ச் மாதம் எனக்குப் பதினோரு நாள் லீவு பாக்கி இருந்தது. தலைமையாசிரியர் முகத்தைத் திருப்பவில்லை, நான் அவரிடம் கேட்கவே இல்லை. ஜூனில் காரைக்காலுக்குத் திரும்ப மாற்றல் போடுவதாகப் பேச்சு இருந்தது. மனு, புகார், ஊர்த்தகராறு என்று என் பெயர் எங்கேயாவது அடிபட்டால் அது கெட்டுப்போகும் என்று பயந்தேன். அதனால்தான் நடுநிலையாக ஆறு பக்கம் எழுதினேன். அந்தக் கடிதத்தில் உங்களுக்காக எழுதிய ஒரு வரிகூட இல்லை. எல்லாம் எனக்காக எழுதியது. மாற்றல் பட்டியல் வந்துவிட்டது. அதில் என் பெயர் இல்லை.

பிறகு இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டேன். வெட்கம். பேச வேண்டிய இடத்தில் எழுதினேன், எழுத வேண்டிய நேரத்தில் சும்மா இருந்தேன். இரண்டாவது ஆள் எப்போது வாயை மூடினான் என்று கேட்டீர்களே, அகராதியில் அது இல்லை.

16-ஆம் தேதி ஞாயிறு நான் ஊரில் இருப்பேன். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். வேம்பின் கீழே நின்று, அந்த வாக்கு என்னுடையது, தவறு என்னுடையது, கண்ணையனுடையது அல்ல என்று சொல்வேன். காசியம்மாவின் புருஷன் முப்பது வருஷம் வரி கட்டினான் என்பதையும் சொல்வேன். வேறு ஒன்றும் பேச மாட்டேன்.

அதுவரை தனியாகக் கடலுக்குப் போகாதீர்கள். இது அறிவுரை இல்லை. உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

ஆனந்தராஜ்

*

காரைக்கால்
13-7-2006, வியாழக்கிழமை

அண்ணனுக்குத் தமிழரசி எழுதுவது. நான் சுகமா என்று கேட்க வேண்டாம்.

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அவர் அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை விடிகாலை படகை எடுத்துக்கொண்டு போனார். மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன் என்றார். இன்னும் வரவில்லை.

சனிக்கிழமை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்றேன். கதவைச் சாத்தினார்கள். அல்லி மட்டும் சாத்தாமல் அழுதாள், பேசவில்லை. கோட்டுச்சேரிக்குப் போய் பூத்திலிருந்து உங்கள் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தடவை போன் போட்டேன். எடுத்தவர் தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார். போலீசில் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். நம் ஊரில் ஒரு படகு வரவில்லை என்றால் மற்றப் படகெல்லாம் தேடப் போகும். இது காலம்காலமாக இருப்பது. இரண்டு நாள் கரையில் எல்லாப் படகும் வரிசையாகக் கிடந்தன. நான் அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை சிவராமன் வந்து, "கண்ணையன், போஸ்ட்" என்றார். பிரித்துப் படித்தேன். போன மாதம் என் புருஷன் துடுப்பில் சட்டையைக் கட்டியது, படகுகள் பார்த்துவிட்டுப் போனது எதுவும் அதுவரை எனக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தில் "தனியாகக் கடலுக்குப் போகாதீர்கள்" என்று இருந்ததும் அவர் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உங்களுக்கு எழுதுவதை அவர் முதலில் நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் தாளில் எழுதுவார். ஜூன் மாதத்துக் கடிதம் அதில் இருந்தது.

சாயங்காலம் பஞ்சாயத்தார் கோயிலில் உட்கார்ந்திருந்தார்கள். பொம்பளை அங்கே போகக் கூடாது. போனேன். உங்கள் கடிதத்தைத் தலைவர் முன்னால் வைத்தேன். "அன்னிக்கு ஒரு மச்சான் வாக்கு வாசிச்சீங்கல்ல? இதுவும் அதே மச்சான் வாக்குதான். வாசிங்க" என்றேன். அவர் எடுக்கவில்லை. நானே சத்தமாக வாசித்தேன். தவறு என்னுடையது, கண்ணையனுடையது அல்ல என்ற இடத்தை இரண்டு தடவை வாசித்தேன். அன்றைக்கு அவர் அப்படித்தானே செய்தார். யாரும் என்னைத் தடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை நாலு படகு தேடப் போனது.

நேற்றுச் சாயங்காலம் அவருடைய படகை இழுத்துக்கொண்டு வந்தார்கள். கிழக்கே வெகுதூரத்தில் கிடைத்ததாம். உள்ளே அவர் இல்லை. எஞ்சின் மூடி திறந்து கிடந்தது. துடுப்பை நிமிர்த்தி அசையாமல் கட்டியிருந்தது. அதில் அவருடைய நீலச் சட்டை. கழுத்துப் பட்டனைக் கூடப் போட்டு, காற்றில் அவிழாதபடி கட்டியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை நம் ஊரிலிருந்து இருபது படகு கடலுக்குப் போயிருந்தது. "யாரு இந்தச் சட்டையப் பாத்தது?" என்று கரையில் நின்று கேட்டேன். பேசத் தடை இருக்கிறதே அண்ணா, ஒருத்தரும் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டவர்கள் யார் யார் என்று நான் பார்த்து வைத்திருக்கிறேன்.

பொம்பளை கூட்டத்துக்குள் வந்து பேசினது குற்றம் என்று ஞாயிற்றுக்கிழமை எனக்கும் கூட்டம் வைத்திருக்கிறார்கள். நான் தாலியைக் கழற்றவில்லை. ஆனால் புருஷன் வீட்டில் இல்லாதவளுக்கு அண்ணன்தான் பேச வேண்டுமாம். காசியம்மா என்னோடு வந்து நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

16-ஆம் தேதி வருவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கடிதம் ஏனாமுக்கு வருவதற்குள் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். நீங்கள் வந்துவிட்டால் இது உங்கள் அறை வாசலில் பிரிக்காமல் கிடக்கும், கிடக்கட்டும். நீங்கள் அங்கே உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருந்தால், அன்றைக்கு நானே பேசிக்கொண்டேன் என்று தெரிந்துகொள்ளுங்கள். பதில் எழுத வேண்டாம்.

தமிழரசி